சிவப்பணுவின் வயதும் அதன் நொதிகளும்: பரிசோதனை முடிவை எவ்வாறு புரிந்துகொள்வது?

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘ஜி6பிடி’, ‘மெத்ஹீமோகுளோபின்’, ‘சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ்’ போன்ற சொற்களைக் காணும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் இயல்பாக எழும் ஐயம் ஒன்று உண்டு: வயதாகிவிட்டதால்தான் இந்த அளவு குறைந்துள்ளதா? இதற்கு விடை கூறுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மனிதரின் வயது வேறு. அவர் உடலில் ஓடும் சிவப்பணுவின் வயது வேறு. எண்பது வயது முதியவரின் இரத்தத்திலும் நேற்றுப் பிறந்த சிவப்பணு உண்டு. எட்டு வயதுச் சிறுவனின் இரத்தத்திலும் நாளை அழியப்போகும் முதிர்ந்த அணு உண்டு. சிவப்பணுவில் உள்ள பல நொதிகளின் செயல்திறனைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த இரண்டாவது வயதே.

பரிசோதனையை எந்த நாளில் செய்வது, எந்த மருந்தைத் தவிர்ப்பது, மூன்று மாதச் சர்க்கரை அளவை எவ்வளவு தூரம் நம்புவது ஆகியவை இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

120 நாள் பயணத்துக்கான சேமிப்பு

கடலூர்த் துறைமுகத்திலிருந்து தங்கு கடலுக்குப் புறப்படும் விசைப்படகு, ஐஸ், டீசல், குடிநீர், அரிசி ஆகியவற்றைக் கரையிலேயே ஏற்றிக்கொள்கிறது. நடுக்கடலில் எதுவும் தீர்ந்துபோனால் மீண்டும் நிரப்ப வழியில்லை. சிவப்பணுவின் நிலையும் ஏறத்தாழ இதுவே. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது அதனுள் உட்கரு இருக்கிறது. புரதங்களைத் தயாரிக்கும் அமைப்புகளும் இருக்கின்றன. முதிர்ச்சியடையும்போது உட்கரு வெளியேற்றப்படுகிறது. இரத்த ஓட்டத்தில் கலந்து ஓரிரு நாள்களுக்குள் எஞ்சிய புரதத் தயாரிப்பும் நின்றுவிடுகிறது. அதன்பின் அந்த அணு வாழும் ஏறத்தாழ 120 நாள்களுக்கும், தொடக்கத்தில் பெற்ற நொதிகளைக் கொண்டே அது காலந்தள்ள வேண்டும். ஒரு நொதி மூலக்கூறு சிதைந்தால் அதற்கு மாற்று வராது.

ஆனால் உடல் முழுவதையும் நோக்கினால் இழப்பு ஈடுசெய்யப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எலும்பு மஜ்ஜை நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் புதிய சிவப்பணுக்களை உருவாக்குகிறது. அதே அளவு முதிர்ந்த அணுக்கள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்களால் அகற்றப்படுகின்றன. எனவே ஒருவரிடம் எடுக்கப்படும் ஒரு குழாய் இரத்தத்தில் எல்லா வயதுடைய அணுக்களும் கலந்திருக்கும். ஆய்வகம் தரும் எண் இக்கலவையின் சராசரி.

ஆக்சிஜனைச் சுமப்பதற்கான விலை

சிவப்பணுவின் வேலை ஆக்சிஜனைச் சுமப்பது. அந்த ஆக்சிஜனே அதற்குத் தீங்கும் விளைவிக்கிறது. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆக்சிஜனைப் பற்றி விடுவிக்கும்போது, சில வேளைகளில் இரும்பு தன் எலக்ட்ரான் ஒன்றை ஆக்சிஜனிடம் இழந்துவிடுகிறது. இவ்வாறு மாறிய ஹீமோகுளோபின் ‘மெத்ஹீமோகுளோபின்’ எனப்படுகிறது. அதனால் ஆக்சிஜனைச் சுமக்க இயலாது. எலக்ட்ரானைப் பெற்ற ஆக்சிஜன் ‘சூப்பர் ஆக்சைடு’ என்னும் தீவிர வினைத்திறன் கொண்ட பொருளாகிறது. ஒரு நாளில் ஹீமோகுளோபினில் 3 விழுக்காடு வரை இவ்வாறு மாறக்கூடும். ஆயினும் நலமாக உள்ளவரின் இரத்தத்தில் மெத்ஹீமோகுளோபின் 1 விழுக்காடு அளவிலேயே நிற்கிறது. இடைவிடாமல் அதனைச் சீர்செய்யும் நொதிகளே இதற்குக் காரணம்.

சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவது சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதி. மாட்டு இரத்தத்தின் சிவப்பணுக்களிலிருந்து இதனைப் பிரித்தெடுத்து, இதன் பணி இன்னதென்று அமெரிக்காவின் மெக்கார்ட், ஃபிரிடோவிச் ஆகிய இருவரும் 1969-இல் காட்டினர். அவ்வாறு உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ், பெராக்சிரெடாக்சின் ஆகியவை நீராக மாற்றுகின்றன. இப்பணியில் குளுட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறு செலவாகிறது. செலவானதை மீட்க ‘என்ஏடிபிஎச்’ என்னும் பொருள் தேவை. மற்ற உயிரணுக்களுக்கு அதனைப் பெறப் பல வழிகள் உண்டு. சிவப்பணுவுக்கு உள்ள முதன்மை வழி ஒன்றே; அதன் வாயிலில் நிற்பது ஜி6பிடி நொதி. இந்த ஒரு நொதி குறைந்தால் பின்னால் உள்ள பாதுகாப்பு வரிசை முழுவதும் தளர்கிறது.

தீங்கு விளைவிக்கும் ஆக்சிஜன் பொருள்களின் உற்பத்தி, அவற்றை அடக்கும் ஆற்றலை விஞ்சும் நிலையே ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ எனப்படுகிறது. அந்நிலையில் அணுவின் மேலுறையில் உள்ள கொழுப்புகள் கெடுகின்றன. உறை தன் நெகிழ்வை இழக்கிறது. சிவப்பணு தன் அகலத்தைவிடக் குறுகிய நுண்குழாய்கள் வழியே வளைந்து நெளிந்து செல்ல வேண்டியது. நெகிழ்வு போனால் மண்ணீரலின் குறுகிய இடுக்குகளைக் கடக்க இயலாமல் சிக்கி அழிகிறது.

முதிர்ந்த அணுக்களே முதலில் வீழ்கின்றன

சிவப்பணுவின் முதுமைக்கும் நொதிக்கும் உள்ள தொடர்பு தெளிவானது ஒரு மலேரியா மருந்தின் வழியாக. பிரைமாகுயின் என்னும் அம்மருந்தை உட்கொண்ட சிலருக்குச் சில நாள்களில் சிவப்பணுக்கள் பெருமளவில் உடைந்தன; சிறுநீர் கறுத்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1950-களில் நடந்த ஆய்வுகள், இக்குறை மருந்தில் இல்லை, அவர்களின் சிவப்பணுக்களுக்குள்ளேயே உள்ளது எனக் காட்டின. (அவ்வாய்வுகள் சிறைக்கைதிகளிடம் செய்யப்பட்டவை, இன்றைய ஆய்வு அறநெறிகள் அதனை ஏற்கமாட்டா.) 1954-இல் வெளியான ஆய்வில், கதிரியக்க இரும்பு கொண்டு அணுக்களுக்கு வயது குறிக்கப்பட்டது. மூன்று வாரத்துக்கு உட்பட்ட இளம் அணுக்கள் மருந்தைத் தாங்கி நின்றன; இரண்டு மாதம் கடந்தவை அழிந்தன. 1956-இல் அக்குறை ஜி6பிடி நொதிக்குறைபாடு என அறியப்பட்டது.

நொதிக்குறைபாடு இல்லாதவரின் அணுக்களில் ஜி6பிடி செயல்திறன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 62 நாள்கள் ஆகின்றன. ஆப்பிரிக்க வழியினரிடம் மிகுதியாகக் காணப்படும் ஒரு வகைக் குறைபாட்டில் அது 13 நாள்களிலேயே பாதியாகிறது. அத்தகையவரின் இளம் அணுக்களில் போதிய நொதி இருக்கும், முதிர்ந்தவற்றில் இராது. ஆகையால் முதிர்ந்தவை அழிந்து தீர்ந்ததும் அழிவு தானே நின்றுவிடும்.

இந்திய நோயாளிகள் இதனை நம்பியிருத்தல் ஆகாது. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் மெடிட்டரேனியன், கேரளா–கல்யாண், ஒரிசா ஆகிய வகைகளுள் மெடிட்டரேனியன் வகை கடுமையானது. அதில் இளம் அணுக்களிலும் நொதி மிகக் குறைவாகவே உள்ளதால், அழிவு தானே நிற்கும் எனக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்தாகலாம்.

மனிதருக்கு வயதாகும்போது

முதுமையில் சிவப்பணுக்களின் நொதிகள் குறைகின்றனவா என்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்துள்ளனர். முடிவுகள் ஒரே திசையில் இல்லை. சில ஆய்வுகளில் டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் ஆகியவை குறைந்தன, சிலவற்றில் மாற்றமில்லை. வயதைவிட, வயதோடு சேர்ந்து வரும் நோய்களும் பழக்கங்களுமே வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்று கொள்வதே பொருத்தம். நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, புகைபிடித்தல், நாள்பட்ட அழற்சி, புற்றுநோய், ஊட்டக்குறைவு ஆகியவை ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உயர்த்துகின்றன. நீரிழிவில் மிகுதியான சர்க்கரை, நொதிப் புரதத்தின் மீதே ஒட்டிக்கொண்டு அதன் செயலை மழுக்குகிறது.

இத்துறையில் சிதம்பரத்துக்குத் தனி இடம் உண்டு. அண்ணாமலைநகரில் 1929-இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை, சிவப்பணுவின் எதிர் ஆக்சிஜனேற்ற நொதிகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளது. கருப்பை வாய்ப் புற்றுநோயாளிகளின் சிவப்பணுக் கொழுப்புகள், அவற்றின் கெடுதல், எதிர் ஆக்சிஜனேற்றப் பொருள்கள், அணு உடையும் தன்மை ஆகியவற்றை அளந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. வாய்ப் புற்றுநோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. அதில் கொழுப்புக் கெடுதல் மிகுந்தும் பாதுகாப்பு நொதிகள் குறைந்தும் காணப்பட்டன. புற்றுநோய் ஓரிடத்தில் இருக்க, அதன் தாக்கம் உடலெங்கும் ஓடும் சிவப்பணுவில் தெரிகிறது என்பதே இவற்றின் சிறப்பு. ஆனால் இவை நோயாளிகளைக் குழுவாக ஒப்பிட்ட ஆய்வுகள். ஒரு தனி நபரின் டிஸ்மியூட்டேஸ் அளவைக் கொண்டு அவருக்குப் புற்றுநோய் உண்டு என்றோ இல்லை என்றோ கூற இயலாது. சில முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தப் பரிசோதனை’ என ஒன்று இடம்பெறுகிறது. வழக்கமான சிகிச்சையில் அதைக் கொண்டு எந்த முடிவும் எடுக்கப்படுவதில்லை. அதற்குச் செலவிடும் பணத்தை ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனைகளுக்குச் செலவிடுவது பயனுடையது.

முதியவர் சோர்ந்திருந்தால் "வயதாயிற்று, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே இருந்தால், வயது எதுவாயினும் அது இரத்தச்சோகையே. முதியோரின் இரத்தச்சோகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஊட்டக்குறைவாலும், மற்றொரு பங்கு நாள்பட்ட அழற்சி அல்லது சிறுநீரக நோயாலும் வருகிறது என அமெரிக்காவில் நடந்த பெரும் ஆய்வு ஒன்று காட்டியது. காரணம் கண்டறிந்தால் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

வயதின் மறுமுனையில் உள்ள குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். மெத்ஹீமோகுளோபினைச் சீர்செய்யும் நொதி, பிறந்து சில மாதங்கள் வரை பெரியவர்களிடம் உள்ளதில் ஏறத்தாழப் பாதியளவே செயல்படுகிறது. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் பால்மாவு கலந்து கொடுத்தால் பச்சிளங் குழந்தையின் உடல் நீலம் பாயக்கூடும். குடிநீரில் நைட்ரேட்டின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். நீரைக் கொதிக்க வைப்பதால் நைட்ரேட் குறையாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

பரிசோதனையின் நாள் முக்கியம்

சிவப்பணுக்கள் திடீரென உடைந்து, சிறுநீர் கறுத்து, மஞ்சள் காமாலையுடன் ஒருவர் மருத்துவமனையில் சேர்கிறார் எனக் கொள்வோம். அன்றே ஜி6பிடி பரிசோதனை செய்தால் முடிவு ‘இயல்பு’ என வரலாம். குறைபாடு இல்லை என்பது அதன் பொருளாகாது. நொதி குறைந்த முதிர்ந்த அணுக்கள் உடைந்துபோய், நொதி நிறைந்த இளம் அணுக்களே குழாயில் எஞ்சியிருக்கின்றன. இழப்பை ஈடுசெய்ய எலும்பு மஜ்ஜை வேகமாக அனுப்பும் புதிய அணுக்களும் அளவை உயர்த்துகின்றன. இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் கொடையாளரின் நொதியும் கலந்துவிடும். ஆகவே ஐயம் நீடித்தால், ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். வீடு திரும்பும்போது இதனை மருத்துவரிடம் கேட்டு, மறுபரிசோதனைத் தேதியை விடுவிப்புச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு "எனக்கு அக்குறை இல்லை" எனப் பின்னாளில் வேறொரு மருத்துவரிடம் கூறுவது ஆபத்தில் முடியலாம்.

இக்குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. அதனால் ஆண்களிடம் இது தெளிவாக வெளிப்படுகிறது. பெண்களிடம் குறைபாடுள்ள அணுக்களும் இயல்பானவையும் கலந்திருக்கக்கூடும். ‘உண்டு, இல்லை’ என மட்டும் காட்டும் எளிய சோதனையில் அது தப்பிவிடலாம். அளவைக் கணக்கிடும் சோதனையில் முடிவு, ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இத்தனை அலகு எனத் தரப்படும். இயல்பு அளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுவதால், இரு இடங்களில் பெற்ற எண்களை நேரடியாக ஒப்பிட வேண்டா.

நீரிழிவு நோயாளிகள் செய்துகொள்ளும் எச்பிஏ1சி பரிசோதனையும் சிவப்பணுவின் வயதைச் சார்ந்ததே. அணு எத்தனை நாள் சர்க்கரையில் மிதந்ததோ அதற்கேற்ப ஹீமோகுளோபினில் சர்க்கரை படிகிறது. சிவப்பணுக்கள் விரைவில் உடையும் நிலையிலும், அண்மையில் குருதி இழப்பு ஏற்பட்டிருந்தாலும், அணுக்களின் சராசரி வயது குறைந்து, எச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக எண்ணி மருந்தைக் குறைத்துவிடும் ஆபத்து இங்கு உண்டு. இதற்கு மாறாக இரும்புச்சத்துக் குறைவில் அது உயர்ந்து காட்டக்கூடும். வீட்டில் குளுக்கோமீட்டர் காட்டும் அளவும் எச்பிஏ1சியும் பொருந்தாமல் இருந்தால், இரண்டையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

கவனிக்க வேண்டிய மருந்துகளும் வீட்டுப் பொருள்களும்

ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் பெரும்பாலும் எத்தொல்லையும் இன்றி வாழ்கிறார்கள். புறத்திலிருந்து ஆக்சிஜனேற்ற அழுத்தம் திடீரெனக் கூடும்போதுதான் சிக்கல். அதற்கு மிகப் பொதுவான காரணம் காய்ச்சலுடன் கூடிய நோய்த்தொற்று. மருந்துகளில் வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு 14 நாள் தரப்படும் பிரைமாகுயின், தொழுநோய்க் கூட்டு மருந்தில் உள்ள டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் நைட்ரோஃபியூரன்டாயின், சில புற்றுநோய்ச் சிகிச்சைகளின்போது செலுத்தப்படும் ராஸ்பூரிகேஸ் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இவை நோயைக் குணப்படுத்தும் இன்றியமையா மருந்துகள். அச்சத்தால் நீங்களாகவே தொடங்காமல் விட்டுவிட வேண்டா. குறைபாடு இருப்பது தெரிந்தால் மாற்று மருந்தையோ மாற்று அளவையோ மருத்துவர் வகுப்பார். எடுத்துக்காட்டாக, பிரைமாகுயினை நாள்தோறும் தருவதற்கு மாறாக, கண்காணிப்புடன் வாரம் ஒரு முறையாக எட்டு வாரம் தரும் முறை உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் உள்ளது.

கடலூர் சிப்காட் போன்ற வேதித் தொழிற்பகுதிகளில் பணிபுரிவோர், அனிலின், நைட்ரோபென்சீன் ஆகியவற்றைக் கையாள்பவராயின் அதனைச் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் கூற வேண்டும். இவை தோல் வழியாகவும் உடலில் புகுந்து மெத்ஹீமோகுளோபினைப் பெருக்கும். உதடும் நகமும் நீலநிறமாதல், ஆக்சிஜன் கொடுத்தும் விரல்முனைக் கருவி 85 விழுக்காட்டை ஒட்டியே நிற்றல், எடுக்கப்பட்ட இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். இதற்கு மெத்திலீன் நீலம் என்னும் ஊசி மருந்து உடனே பயன் தருகிறது. ஆனால் அம்மருந்து வேலை செய்யவும் ஜி6பிடி வழியே கிடைக்கும் என்ஏடிபிஎச் தேவை. குறைபாடு உள்ளவருக்கு அதே மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். முன்பே அறியப்பட்ட குறைபாட்டை அவசரப் பிரிவில் முதலிலேயே கூறுவது உயிர்காக்கும் செய்தியாவது இதனால்தான்.

வீட்டில், துணிகளுக்கிடையே இடும் பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலின் முதன்மையான எதிரி. பெட்டியில் நெடுநாள் வைத்த துணியை எடுத்து அப்படியே பச்சிளங் குழந்தைக்குப் போர்த்துவது, குறைபாடுள்ள குழந்தைக்குக் கடுமையான காமாலையை உண்டாக்கலாம். கைக்குழந்தைகளுக்கு மருதாணி இடுவதையும் தவிர்க்க வேண்டும். குறைபாடுள்ள குழந்தைகளில் அதனால் அணுக்கள் உடைந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. "அவரைக்காய் சாப்பிடக் கூடாதா?" எனச் சிலர் அஞ்சுகின்றனர். மருத்துவ நூல்கள் விலக்கும் ஃபாவா பயறு வேறு இனம். மத்திய தரைக்கடல் நாடுகளில் மிகுதியாக உண்ணப்படுவது. நம் தோட்டத்து அவரை அதுவன்று.

எதிர் ஆக்சிஜனேற்ற மாத்திரைகள் வேண்டுமா?

ஆக்சிஜனேற்றம் தீங்கு என்றால் அதனை எதிர்க்கும் மாத்திரை நன்மை தரும் என எண்ணுவது இயல்பு. ஆனால் சோதித்தபோது முடிவு வேறாக இருந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. மிகுந்த அளவில் செலுத்தப்படும் வைட்டமின் சி, ஜி6பிடி குறைபாடு உள்ளவரின் சிவப்பணுக்களை உடைக்கவும் கூடும். குறைந்த அளவில் காப்பது மிகுந்த அளவில் தாக்குகிறது. மேலும், முதிர்ந்த அணுவில் சிதைந்துபோன நொதியை எந்த மாத்திரையாலும் மீண்டும் உருவாக்க இயலாது. புதிய அணுக்கள் நல்ல மூலப்பொருள்களுடன் பிறப்பதற்கு மட்டுமே நாம் உதவ இயலும்.

அம்மூலப்பொருள்கள் அன்றாட உணவில் உள்ளவையே. கேட்டலேசுக்கு இரும்பு, டிஸ்மியூட்டேசுக்குச் செம்பும் துத்தநாகமும், குளுட்டாதயோன் பெராக்சிடேசுக்குச் செலினியம் தேவை. குளுட்டாதயோனை மீட்கும் நொதிக்கு வைட்டமின் பி2 வேண்டும். சிவப்பணுவில் அந்நொதியின் நிலையைக் கொண்டே ஒருவரின் பி2 ஊட்டநிலையை அளக்கும் முறை குறித்து ஹைதராபாதின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் 1960-களிலேயே ஆராயப்பட்டது. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி, பாலும் முட்டையும் கீரையும் குறைந்த உணவில் இவ்வைட்டமின் குறையும். மோரும் சோறும் மட்டும் உண்டு நாளைக் கழிக்கும் முதியவருக்கு ஒரு முட்டையோ, ஒரு குவளைப் பாலோ, நெத்திலி, மத்தி போன்ற சிறு மீனோ, சிறிதளவு பண்ருட்டி முந்திரியோ சேர்ப்பது, விலையுயர்ந்த மாத்திரைப் புட்டியைவிடப் பொருத்தமானது. சிறுநீரக நோயாளிகள் மட்டும் கீரை, பருப்பு, கொட்டை வகைகளின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். பீடி, சிகரெட்டை நிறுத்துவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஆகிய இரண்டும் சிவப்பணுவின் சுமையை நேரடியாகக் குறைக்கின்றன.

‘புதிய இரத்தமே வேண்டும்’ என்னும் கவலை

இரத்த வங்கியின் பையில் உள்ள சிவப்பணுவும் முதுமையடைகிறது. சேர்க்கப்படும் கரைசலைப் பொறுத்து, 2 முதல் 6 செல்சியஸ் பாகைக் குளிரில் 35 அல்லது 42 நாள்கள் வரை அதனைச் சேமிக்கலாம். அந்நாள்களில் அதன் ஆற்றல் இருப்புக் குறைகிறது. மேலுறை கெடத் தொடங்குகிறது. இதனைக் கேள்விப்பட்ட உறவினர்கள், அன்றே எடுத்த இரத்தம்தான் வேண்டும் என்று கொடையாளர்களைத் தேடி அலைகின்றனர். அவ்வலைச்சல் பெரும்பாலும் தேவையற்றது. கனடா, ஐரோப்பிய நாடுகளின் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், சராசரி 6 நாள் வைத்த இரத்தம் பெற்றவர்களில் 37.0 விழுக்காட்டினரும், 22 நாள் வைத்த இரத்தம் பெற்றவர்களில் 35.3 விழுக்காட்டினரும் 90 நாள்களுக்குள் இறந்தனர். புதிய இரத்தத்தால் கூடுதல் நன்மை ஏதும் காணப்படவில்லை. பச்சிளங் குழந்தைக்கு இரத்த மாற்றம் செய்வது போன்ற சில நிலைகளில் மருத்துவரே அண்மையில் எடுத்த இரத்தத்தைக் கேட்பார். மற்ற வேளைகளில் பொருந்திய, முறையாகப் பரிசோதிக்கப்பட்ட இரத்தம் உரிய நேரத்தில் ஏறுவதே முக்கியம். பணம் பெற்று இரத்தம் தருவது 1998 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. அவசரத்தில் இடைத்தரகர்களை நாட வேண்டா.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

புதிய மருந்து தொடங்கிய சில நாள்களுக்குள்ளோ, காய்ச்சலின்போதோ சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், அடுத்த வேளை மருந்தை நிறுத்தி வைத்து, அன்றே மருத்துவரைக் காண வேண்டும். கண் மஞ்சளாதல், திடீர் வெளிறல், மூச்சுவாங்கல், முதுகுவலி, படபடப்பு ஆகியவையும் உடன் வரலாம். பச்சிளங் குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தோன்றினாலும், குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலும் தாமதிக்கக் கூடாது. முதியவர்கள் களைப்பை மட்டுமே கூறுவர். சிறுநீரின் நிறத்தை அவர்கள் கவனிப்பதில்லை, கவனித்தாலும் சொல்வதில்லை. பராமரிப்பவரே கேட்டறிய வேண்டும்.

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, 1985-இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டு இன்று அரசின் கீழ் இயங்கும் சிதம்பரம் அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லும்போது, உட்கொண்ட எல்லா மருந்துகளின் அட்டைகளையும், கடையில் தாமே வாங்கியவற்றையும் நாட்டு மருந்துகளையும் சேர்த்து, பழைய பரிசோதனை அறிக்கைகளுடன் எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக இரத்தம் ஏற்றிய தேதியையும் குறித்து வையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து நீரிழிவு, இரத்த அழுத்த மருந்து தரும் பணியாளரிடமும் ஜி6பிடி குறைபாடு இருப்பதைத் தெரிவித்து வைக்கலாம். மருந்து குறித்த ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம். மூச்சுத்திணறலோ மயக்கமோ இருந்தால் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். ஊர்தியில் ஏறியதும் குறைபாடு இருப்பதைப் பணியாளரிடம் முதலில் கூறுங்கள்.